மேனேஜர் தோல் உரித்த வாரம்

என் அண்ணனுக்கு வாய் குறைவு, கை அதிகம். கார் பட்டறையில் டிங்கர் வேலை. நசுங்கி வரும் கதவுகளைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவான். மனிதர்களையும் அப்படியே நிமிர்த்தப் பார்ப்பான். பஸ்ஸில் அவன் காலை மிதித்த ஒருத்தருக்கு ஒரு பல் போயிற்று. வீட்டுச் சுவரில் அவன் முஷ்டி அளவுக்கு ஒரு குழி. அதன் மேல் அம்மா காலண்டர் மாட்டியிருக்கிறாள்.

இவன் வளர்ப்பது ஒரு தாடி ஓணான். முழங்கை நீளம். கோபம் வந்தால் தாடி கறுத்து உப்பும். மேனேஜர் என்று பெயர் வைத்தது நான். அதன் கண்ணாடிப் பெட்டி முன்னால் மட்டும் அண்ணன் குரல் இறங்கும். "சாப்டீங்களா சார்?" என்பான். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

போன மாதம் மேனேஜர் தோல் உரித்தார். முதுகுத் தோல் காகிதம் போல் தானாகக் கிழிந்து விழுந்தது. முன்காலில் ஒரு விரலில் மட்டும் பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகி நின்றது. அப்படியே விட்டால் ரத்தம் ஓடாமல் விரல் செத்துவிடும் என்றார் கால்நடை டாக்டர். இழுக்கவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பல் பிரஷ்ஷால் தடவித் தடவித்தான் எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தான். அவன் பட்டறைக் கூட்டாளி பெயிண்டர் வந்திருந்தார். காருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் ஓரங்களில் டேப் ஒட்டி, அடித்ததும் ஒரே இழுப்பில் பிடுங்குவது அவர் தொழில். தயங்கினால் ஓரம் பிசிறிவிடுமாம்.

"உங்களால இத எடுக்க முடியாதுண்ணே," என்றேன் பெயிண்டரிடம்.

"போடா. டேப்பு மாதிரிதான். ஒரே இழுப்பு."

"சும்மா வாய்தானா?"

மேனேஜர் அவரைக் கடிப்பார், அவர் கத்துவார், நான் சிரிப்பேன். அவ்வளவுதான் என் திட்டம். அவர் இழுத்தார். தோல் பாதியில் அறுந்து நகத்தோடு வந்தது. மோதிரம் அப்படியே இருந்தது. மேனேஜர் கடிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். ரத்தம் பெட்டிக்குள் கிடந்த மரக்கட்டையில் சொட்டியது.

வெந்நீரோடு வந்த அண்ணன் பார்த்தான். முதல் குத்தில் பெயிண்டர் கதவில் மோதினார். இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவது விலாவில். நான்காவதுக்கு அவர் குனிந்துவிட, அண்ணன் கை நிலைக்கட்டையில் இடித்து எலும்பு முறியும் சத்தம் கேட்டது. வாசலில் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பெயிண்டர் என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்காமல் போய்விட்டார்.

மேனேஜரின் விரலில் சோளமாவு அப்பினோம், ரத்தம் நின்றது. அடுத்த நாள் விரல் நுனி கறுக்கத் தொடங்கியது. அண்ணனின் வலது கையில் மாவுக்கட்டு. பிரஷ் பிடிக்க வராது. கட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் மேனேஜரைத் தண்ணீரில் அணைத்துப் பிடித்தான். நான் தடவினேன். மூன்று நாள், காலையும் மாலையும்.

மூன்றாம் நாள் அவனுடைய இரண்டு கைகளும் வேலையாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

"நான்தான்ணே இழுக்கச் சொன்னேன். உசுப்பேத்தினது நான்."

அவன் விரல்கள் இறுகின. மேனேஜரின் தாடி கறுத்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினான்.

"பிரஷ்ஷ நிறுத்தாத," என்றான்.

கொஞ்ச நேரத்தில் அந்த மோதிரம் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் மிதந்தது. அண்ணன் மேனேஜரைத் துடைத்து, விளக்கடியில் படுக்க வைத்து, பெட்டியை மூடினான். திரும்பி வந்து இடது கையால் என் கன்னத்தில் ஒன்று வைத்தான். காதுக்குள் விசில் அடித்தது.

"நட, பட்டறைக்கு."

பெயிண்டர் வீங்கின உதட்டோடு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் முன்னால் போய் நின்றான்.

"மூணு வாங்கினல்ல, திருப்பிக் குடு."

பெயிண்டர் யோசிக்கவில்லை. வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று. அண்ணன் உட்கார்ந்தே போனான்.

"வெரல் இருக்கா போச்சா?" என்று கேட்டார் பெயிண்டர்.

"இருக்கு. நகம் மட்டும்தான் போச்சு."

"சரி, மிச்சம் ஒண்ணு அவனுக்கு," என்று என் பக்கம் திரும்பினார்.

நான் ஓடவில்லை.