பனிமூட்டத்தில் எழுந்து நின்றவர்

என் வீட்டுக்காரர் காசிமாயனுக்குப் பகலிலேயே கனவு வரும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருப்பார். "ஏங்க, கொழம்பு ஆறுது" என்று நான் சத்தம் போட்டால், மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போய்த் திரும்பியவர் மாதிரி என்னைப் பார்ப்பார். கட்டிக்கொண்ட புதிதில் எரிச்சலாக வரும். இப்போதும் வருகிறது, பொய் சொல்வானேன்.

எங்கள் ஊர் சிலமலையிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் கூட்டத்தில் நாங்களும் சேர்த்தி. நான் காய் எடுப்பேன், அவர் மருந்தடிப்பார். ஜீப்பே அரட்டையில் அதிரும். இவர் மட்டும் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தபடி வருவார். வளைவுக்கு வளைவு குளிர் ஏறும். கீழே போடி ஊர் கொஞ்சங் கொஞ்சமாக வெள்ளைக்குள் முங்கிப்போகும். "காசியண்ணே, டிக்கெட் எடுக்காம எந்த ஊருக்குப் போறீக?" என்று என்கூடக் காய் எடுக்கும் மொக்கம்மாள் கிண்டல் பண்ணுவாள். சிரித்துக்கொண்டே மறுபடி மேகத்துக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனுஷன் ஒரு தடவை என் பேச்சைக் கேட்காமல், வடக்கே எல்லை மலையில் ரோடு போடும் வேலைக்குப் போனார். போன இடத்தில், துப்பாக்கி வைத்த கும்பல் ஒன்று ரோட்டு வேலை ஆட்களைப் பிடித்துக் காட்டுக்குள் அடைத்துவிட்டது. நான் இங்கே சாமி சாமி என்று கிடந்தேன். கடைசியில் பட்டாளம் போய் மீட்டது. பிடிபட்டவர்கள் எல்லாரும் உயிரோடு வந்தார்கள். மீட்கப்போன பட்டாளத்துக்காரர் ஒருவர் மட்டும் இறந்துபோனார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இவரிடம் கேட்டால், "ஒரே பனிமூட்டம், வேலு. கையப் பிடிச்சு இழுத்தாக, வந்துட்டேன்" என்பார். வந்தாரே அது போதும் என்று நானும் தோண்டவில்லை.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். அந்த மீட்பை டிவிக்குப் படமாக எடுக்கிறார்களாம். "அந்த வீரர் எப்படி இறந்தாருன்னு பக்கத்துல இருந்து பார்த்தவர் நீங்கதான்னு சொல்றாங்க, சார்" என்றாள். "நான் ஒண்ணும் பாக்கல, தாயி. பனிமூட்டம்" என்று இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு நான்தான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன்.

படம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறது, எல்லா பாஷையிலும் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே துள்ளியது. எங்கள் வீட்டில்தான் பார்ப்போம் என்று அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். இவருக்கோ சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை தோட்டத்தில் டீ குடிக்க உட்கார்ந்தபோது கிளாஸை வாயில் வைக்காமலே கீழே வைத்துவிட்டார்.

"என்னதான்யா பிரச்சன ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!" என்றேன்.

அப்போது மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கும். எடுப்பவர்கள் குத்தவைத்தே இருப்போம், தலை வெளியே தெரியாது. யானையோ காட்டுமாடோ வந்தாலும் தெரியாது. அதனால் எங்கள் மலையில் ஒரு வழக்கம். யாராவது கூவினால், எங்கே இருந்தாலும் எழுந்து நின்று திருப்பிக் கூவ வேண்டும். கூவாதவளைத் தேடி மொத்தப் பேரும் அலைவார்கள். நடை பழகும் வயதிலேயே இது எங்களுக்குப் பழகிவிடும். அன்றைக்கும் மேலேயிருந்து மொக்கம்மாள் கூவினாள். நான் சட்டென்று எழுந்து "ஓஓய்!" என்றேன். இவரும் எழுந்தார், ஆனால் சத்தம் வரவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

"இதத்தான் அங்கயும் செஞ்சேன், வேலு" என்றார்.

மெதுவாகச் சொன்னார். அதிகாலை மூட்டத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஊர்ந்து வந்து, சத்தமில்லாமல் இவர்களை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். புதருக்குள் எல்லாரும் குப்புறப் படுத்திருக்கிறார்கள். ஒரு இளவட்டப் பட்டாளத்துக்காரர் இவர் தலையைக் கையால் அமுக்கி, அசையாதே என்று ஜாடை காட்டியிருக்கிறார். பாஷை தெரியாவிட்டாலும் இவருக்கு விளங்கியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, முன்னால் போனவர் ஏதோ பறவை மாதிரி மெல்லக் கூவியிருக்கிறார், அவர்களுக்குள் ஒரு சைகை.

"நான் எந்திரிச்சிட்டேன். எந்திரிச்சு, ஓய்னு கத்திட்டேன். நெனச்சு செய்யல புள்ள, ஒடம்பு தானா எந்திரிச்சிருச்சு. அந்தப் பக்கமிருந்து சுட்டாங்க. அவரு தாவி என்மேல விழுந்து அமுக்குனாரு. அப்புறம் அசையவே இல்ல."

நான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"கனாவுல நம்ம தோட்டத்துக்கு வர்றாரு. அந்தா, அந்தச் செடிக்கடியில குத்தவச்சுக் காய் எடுத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு ஒரே சந்தோசம். கூப்புடுறேன், கூப்புடுறேன், எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "வேற யாராச்சும் பாத்துச் சொல்லியிருந்தா, நாளைக்குப் படத்துல அதக் காட்டிருவாங்க. ஊரே பாக்கும்."

"பாத்தா பாக்கட்டும், போ" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. ராத்திரி முழுக்க, இந்தப் படம் வராமலே போய்விடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன்.

ஞாயிறன்று வாசல் கொள்ளாத கூட்டம். வெளியே மழை பிசுபிசுத்தது. டிவி வெளிச்சத்தில் எல்லா முகமும் நீலமாக மிதந்தது. இவராக வந்த நடிகன் நல்ல சிவப்பு, வழித்து வாரிய தலை. "அண்ணே, அங்க போயி இம்புட்டு அழகாயிட்டீகளே!" என்று மொக்கம்மாள் சொல்ல, ஒரே சிரிப்பு. இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது.

அந்த இடம் வந்தது. மூட்டம், புதர், குப்புறப் படுத்த ஆட்கள். படத்தில் பறவைக் கூவல் எதுவும் கேட்கவில்லை. இவராக நடித்தவன் அசையாமல் படுத்துக் கிடந்தான். அந்த இளவட்டப் பட்டாளத்துக்காரர் அவசரமாகத் திரும்புகிறார், ஈரப் பாறையில் கால் வழுக்கித் தடால் என்று விழுகிறார், துப்பாக்கி உருளுகிறது. உடனே அந்தப் பக்கமிருந்து வெடிச்சத்தம். அவர் சாய்ந்துவிட்டார்.

அப்பாடா! வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தப்பித்துவிட்டார். இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"அடச்சே! பட்டாளத்துக்காரன் கால் பாத்து வைக்க வேணாமா?" என்றான் எதிர்வீட்டு அருள்பாண்டி. "எல்லாரையும் மாட்டிவிடப் பாத்தானே, கூறுகெட்டவன்!"

என் கைக்குள் இருந்த கை உருவிக்கொண்டு போனது.

"ஏ வேலு, இது எல்லா பாஷையிலயும் ஓடுதுன்னேல்ல?"

"ஆமா. சும்மா இருங்க" என்று அவர் தொடையைக் கிள்ளினேன்.

"அப்ப அந்தப் பட்டாளத்துக்காரரோட ஆத்தாளும் இப்பப் பாத்துக்கிட்டு இருப்பாகள்ல? அவுக ஊர்லயும் இப்படித்தான பேசுவாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டார். டிவிக்கு முன்னால் நின்று, "அவரு வழுக்கலப்பா" என்றார். "நான்தான் எந்திரிச்சேன். முன்னால போன பட்டாளத்துக்காரரு பறவ மாதிரி கூவுனாரு, நான் எந்திரிச்சு ஓய்னுட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் செத்தாரு. அந்தப் புள்ள போன் பண்ணிக் கேட்டப்ப, பாக்கலன்னு பொய் சொன்னேன். அதான் அவுகளா ஒரு பாறையக் கொண்டாந்து வச்சிருக்காக."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிடைத்த நிம்மதியை இப்படி யாராவது தெருவில் கொட்டுவார்களா? அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். மொக்கம்மாள்தான் மூக்கைச் சிந்திவிட்டு, "கூவுனா எந்திரிக்கத்தானண்ணே செய்வோம். நானா இருந்தாலும் எந்திரிச்சிருப்பேன்" என்றாள்.

"ஒனக்கு அது தெரியுது, தாயி. அவரப் பெத்த ஆத்தாளுக்குத் தெரியாதுல்ல."

அப்புறம் என்னைப் பார்த்தார். கனவில் இருக்கிற பார்வை இல்லை அது. இத்தனை வருஷத்தில் அப்படி நேராக அவர் என்னைப் பார்த்ததில்லை. "அந்தப் புள்ளைக்குப் போன் போடு, வேலு" என்றார்.

போட்டேன். டிவியில் இன்னும் படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எழுந்து சத்தத்தைக் குறைத்தார்கள். அந்தப் பெண் உற்சாகமாக, "பார்த்தீங்களா சார்? எப்படி இருக்கு?" என்றாள். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. கட்டாகிவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

"இப்ப சொல்றீங்களே, சார்" என்றாள் கடைசியில், குரல் இறங்கிப்போய். "இனிமே என்ன பண்ண முடியும்? படம் முடிஞ்சு போச்சே."

"அவுக ஆத்தா இருக்காகள்ல, தாயி" என்றார் இவர். "அவுக நம்பர வாங்கிக் குடு."