சூசையண்ணனின் திங்கட்கிழமை வார்த்தைகள்

வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்த கருப்பையாதான் செய்தியைச் சொன்னார். நம் அலுவலகத்தின் பழைய பியூன் அவர். "சூசையண்ணே போயிட்டாரும்மா, விடியக்காலைல" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இனி நம்மள யாரும்மா நின்கம்பூப்னு வைவா?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். இழவுச் செய்தி கேட்டுச் சிரித்த பாவம் எங்களைச் சேரட்டும். சூசையண்ணன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நம் திண்டுக்கல் அலுவலகத்தில் கடிதங்களுக்கு ட்ராஃப்ட் எழுதும் குமாஸ்தா அவர். நான் தற்காலிக டைப்பிஸ்ட். திங்கட்கிழமை காலையில் நாள்காட்டித் தாளின் பின்புறம் நீலப் பென்சிலால் ஓர் ஆங்கில வார்த்தையை எழுதி பீரோவில் ஒட்டுவார். சனிக்கிழமை மதியத்துக்குள் ஒவ்வொருவரும் அதைப் பொருத்தமான இடத்தில் ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும். சொல்லாதவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ரிக்மரோல், ஃப்ளாபர்காஸ்டட், ஹிக்கில்டி பிக்கில்டி என்று எங்கிருந்துதான் பிடித்து வருவாரோ! "அர்த்தம் அப்புறம் தங்கச்சி, முதல்ல வாயில போட்டு மென்னு பாரு" என்பார்.

இங்கிலீஷ் எழுத்தே தெரியாத கருப்பையா நின்கம்பூப்பைத் தம் ஊருக்கே கொண்டுபோய்விட்டார். முட்டாள் என்று அர்த்தம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வண்டிமாட்டை அதைச் சொல்லித்தான் அதட்டுவாராம். ஏன் என்று கேட்டதற்கு, "தமிழ்ல வஞ்சா நமக்கே மனசு கேக்கல. இதுன்னா வஞ்ச மாதிரியும் இருக்கு, கொஞ்சுன மாதிரியும் இருக்கு" என்றார். சூசையண்ணன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த ஹல்லபலூ வாரம் அலுவலகத்தில் கூட இருந்த உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். சனிக்கிழமை காலைவரை நான் அதைச் சொல்லவில்லை. எனக்கோ ரோஷம். தோற்று டீ வாங்கித் தர மனமில்லை. பஸ் ஸ்டாண்டில் காய்கறி வண்டிக்காரர்களுக்கும் பஸ்காரர்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றி மதுரை மேலதிகாரிக்குப் போகவேண்டிய அறிக்கை என் கையிலிருந்தது. ட்ராஃப்டில் அண்ணன் கலவரத்துக்கு கமோஷன் என்று மரியாதையாக எழுதியிருந்தார். நான் அதே அர்த்தமுள்ள, ஆனால் ஆபீஸ் கடிதத்துக்கு ஆகாத ஹல்லபலூ என்று தட்டினேன். எல்லோருக்கும் காட்டிவிட்டு வேறு தாளில் மாற்றி அடிக்கலாம் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் அது கையெழுத்தாகித் தபாலில் போய்விட்டது.

பத்தாம் நாள் சிவப்பு மையில் கோடு போட்டுத் திரும்பி வந்தது. அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என் வேலை மாதாமாதம் நீட்டிக்கிற வேலை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் என் சம்பளம்தான் சோறு. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அண்ணன், "ட்ராஃப்ட் என்னோடதுங்கய்யா" என்று ஃபைலை நீட்டினார். அதில் கமோஷன் கோடு போட்டு நீக்கப்பட்டு, மேலே நீலப் பென்சிலால் ஹல்லபலூ என்று இருந்தது. கடிதம் திரும்பி வந்ததைப் பார்த்ததுமே திருத்தி வைத்திருக்கிறார் மனிதர்!

எனக்கு வேலை நீடித்தது. அவருக்கு வரவேண்டிய தலைமைக் குமாஸ்தா பதவி அவரைவிட இளையவருக்குப் போனது. மூன்று வருஷம் அந்த இளையவருக்குக் கீழே அண்ணன் வேலை பார்த்தார். திங்கட்கிழமை வார்த்தையை மட்டும் நிறுத்தவில்லை.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீக?" என்று ஒருநாள் அழுதேவிட்டேன்.

"அட, நீ வேற! என் ட்ராஃப்டுல அந்தச் சண்டை செத்துக் கெடந்துச்சு. நீ போட்டப்பதான் பஸ் ஸ்டாண்டுச் சத்தம் காதுல விழுந்துச்சு. நானே போட்டிருக்கணும். பயந்துட்டேன் தங்கச்சி."

அவருடைய ஓய்வு விழாவில் நீங்கள் எல்லோரும் அந்தக் கதையைச் சொல்லித்தான் அவரைக் கிண்டல் செய்தீர்கள். 'வார்த்தை ஆசையில் பதவியைத் தொலைத்த சூசை' என்றார் ஒருவர். அவரும் சேர்ந்து சிரித்தார். நான் உண்மையைச் சொல்ல எழுந்தேன். அவர் என்னைப் பார்த்து 'வேண்டாம்' என்று தலையை அசைத்தார். உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்று என் வேலை நிரந்தரம். தம்பிகள் இருவரும் படித்து முடித்துவிட்டார்கள். இரண்டும் அண்ணன் தம் பதவியை விட்டுக்கொடுத்ததால் வந்தவை. இனி அந்தக் கதையைச் சொல்லும்போது தயவுசெய்து சரியாகச் சொல்லுங்கள். அந்த வார்த்தையைத் தட்டியது நான்.