லாபம்… ரெண்டு…

இது நடந்தது 1971 மே ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். அன்றைய எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரிச் சீட்டும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒரு மருந்துக் குப்பியில் அந்தக் கல்லும் இருக்கிறது. மற்றதைக் காட்டத்தான் என்னிடம் எதுவும் இல்லை.

என் பெயர் கருத்தையா. காரைக்குடி – சிங்கம்புணரி தடத்தில் பஸ் கண்டக்டர். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்று நின்று, சிறுநீரகத்தில் கல் உண்டாகிவிட்டது. அது கீழே இறங்கும் வழியில் மூத்திரக் குழாயில் சிக்கிக்கொண்டது. வலி வந்தால் டிக்கெட் பையோடு பஸ்ஸுக்குள்ளேயே சுருண்டு விழுவேன்.

காரைக்குடியில் ஒரு டாக்டர், வயிற்றைக் கிழிக்காமலே கல்லை எடுப்பார் என்றார்கள். போனேன். அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 

"கண்டக்டர், உமக்கு ஒரு சிறுநீரகம் பிறவியிலேயே சூம்பிப்போயிருக்கு. வேலை செய்யறது இது ஒண்ணுதான். இந்தக் குழாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா, மாற்றே கிடையாது."

என் மனைவி புஷ்பவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று மாலை 4.10. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். விலாவுக்குக் கீழே எல்லாம் மரத்துப்போயிற்று. சிறுநீர் வரும் வழியாகவே விளக்கு வைத்த குழாயைச் செலுத்தி, அதற்குள் மெல்லிய கம்பிக் கூடை ஒன்றை அனுப்பினார் டாக்டர். கல் கூடைக்குள் அகப்பட்டது. ஆனால், வெளியே வரவில்லை.

"இழுத்தா மூத்திரக் குழாய் அறுந்துடும். தானா இறங்கட்டும்" என்றார்.

கம்பியின் வெளி முனையில் ஒரு நூலைக் கட்டினார். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் சின்னக் கப்பி ஒன்று இருந்தது. நூலை அதன் மேலே ஓட்டி, நுனியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டார். பைக்குள் நூறு கிராம் இரும்பு எடைக்கல், ஒன்றே ஒன்று. அந்த இழுப்பில் கல் மெதுவாக இறங்குமாம்.

"யாரும் இதைத் தொடக்கூடாது. நீர் புரளக் கூடாது. முதுகுல ஊசி போட்டிருக்கறதால, தலையைத் தூக்கினா வலி மண்டையைப் பிளக்கும். மல்லாக்கவே கிடக்கணும்."

ஆயா காளியாயி என்னை அறையில் கிடத்தும்போது சிரித்தாள்.

"என்னண்ணே, பஸ்ஸுல அம்புட்டுச் சனத்தையும் 'எறங்கு எறங்கு'ன்னு வெரட்டுறீக. ஒத்தக் கல்ல எறக்க முடியலையாக்கும்?"

6.10க்குப் புஷ்பவள்ளி கிளம்பினாள். பள்ளத்தூரில் அவள் அக்காள் வீடு. கஞ்சி வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னாள்.

தலையணை இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் உத்தரம், எதிர்ச் சுவரில் கடிகாரம், கால்மாட்டில் கப்பியின் மேல் விளிம்பு. அவ்வளவுதான். பை கட்டிலுக்கு வெளியே, கீழே தொங்கியது. அது என் கண்ணுக்குத் தெரியாது.

6.40. கரண்ட் போயிற்று.

ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. அழைப்பு மணியை அழுத்தினேன். கரண்ட் இல்லாமல் அது எப்படி அடிக்கும்?

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஆஸ்பத்திரி மருந்து நெடி இல்லை. வற்றல் மிளகாய், கருப்பட்டி, சாக்கு… பூட்டி வைத்த மளிகைக் கடையைத் திறந்தால் வருமே, அந்த வாசனை.

"காளியாயி…"

"வாரேண்ணே…" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அவள் வரவில்லை.

கால்மாட்டில் சேலை உரசும் சத்தம். சரக்… சரக்…

"யாரு?"

கப்பி லேசாக அசைந்தது. யாரோ பையைக் கையில் ஏந்திப் பார்ப்பதுபோல, நூல் தொய்ந்தது. பிறகு விறைத்தது.

"எறங்கலையே…" என்றது ஒரு பெண் குரல். தனக்குத் தானே பேசுகிற குரல். தராசைப் பார்த்துக்கொண்டு பேசுகிற குரல்.

"அம்மா, அதைத் தொடாதீக! டாக்டர் தொடக் கூடாதுன்னாரு!"

"லாபம்…"

ணங்!

இரும்பின் மேல் இரும்பு விழுந்த சத்தம்.

எங்கள் பக்கத்துச் சந்தையில் யாரும் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கமாட்டார்கள். முதல் எண்ணிக்கைக்கு 'லாபம்' என்பார்கள். அடுத்தது 'ரெண்டு'. அது எனக்குத் தெரியும். அடுத்த கல்லும் வரப்போகிறது.

மரத்துப்போனது மேலிருந்து கீழாகத்தான் தெளியும். என் கால்கள் இன்னும் கட்டைதான். ஆனால், விலாவுக்குக் கீழே உணர்வு வந்துவிட்டது. அங்கே, உள்ளே, ஏதோ இழுபட்டது.

"காளியாயி! காளியாயி!"

"வாரேண்ணே…" அதே குரல். அதே தூரம்.

"ரெண்டு…"

ணங்!

உள்ளே சுரீரென்று பிடித்து இழுத்தது. கையை நீட்டினேன். முழங்கால் வரைதான் எட்டியது. அது என் முழங்கால் என்று கைக்குத்தான் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

உதைக்க நினைத்தேன். கால் கேட்கவில்லை.

எழ நினைத்தேன். எழுந்தால் கம்பி இழுபடும்.

இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம்…

கட்டில் கம்பியின் மேல் நான்கு விரல்கள் தெரிந்தன. நகக்கண்களில் மஞ்சள் தூள்.

"ஆத்தா… புண்ணியமாப் போகும்… எடுத்துருங்க…"

விரல்கள் அசையவில்லை.

"இந்தா… கொசுறு…"

கண்ணை மூடிக்கொண்டேன்.

காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

மூச்சுவிடும் ஒலி மட்டும்… அது என்னுடையதில்லை.

7.05. விளக்கு எரிந்தது.

கால்மாட்டில் யாரும் இல்லை. காளியாயி அரிக்கேன் விளக்கோடு உள்ளே வந்தாள்.

"கூப்பிட்டீகளா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையேண்ணே. வாசல்லதான இருந்தேன்."

"பையைப் பாரு. எத்தனை கல்லு இருக்கு?"

குனிந்து பார்த்தாள். "நூறு கிராம். ஒண்ணுதான்."

எட்டு மணிக்குப் புஷ்பவள்ளியும் டாக்டரும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். டாக்டர் கம்பியைப் பார்த்தார். அது நான்கு விரற்கடை வெளியே வந்திருந்தது. மெல்லத் தொட்டார். கூடை கல்லோடு அவர் கைக்கு வந்துவிட்டது. பின்னாலேயே கொஞ்சம் ரத்தம்.

"யார் எடையைக் கூட்டினது?" என்று கத்தினார். "நூறு கிராமுக்கு இப்படி வராது! இன்னும் ஒரு கல் போட்டிருந்தா குழாய் அறுந்திருக்கும்!"

புஷ்பவள்ளியைத்தான் முறைத்தார். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ இல்லீங்க. ஒரு பொம்பளை… லாபம், ரெண்டுன்னு எண்ணிப் போட்டாங்க" என்றேன்.

டாக்டர் முகம் செத்துப்போயிற்று. தானே திருகாணியைக் கழற்றி, கப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நாலாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது காளியாயி மெதுவாகச் சொன்னாள்.

"பத்து வருசம் முன்னாடிண்ணே. சிங்கம்புணரி மளிகைக்கடைக்காரரு ஒருத்தரு. இதே டாக்டரு, இதே வைத்தியந்தான். சம்சாரம் பொன்னுத்தாயி கூட இருந்துச்சு. டாக்டரு வச்ச எடை பத்தலைன்னு நெனச்சு, கடையிலருந்து அஞ்சு பலம் நிறுக்குற பழைய எடைக்கல்லுக கொண்டாந்து பையில போட்டுருச்சு. புருசன் சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னுதான். ரெண்டு போட்டுச்சு. அப்பறம் கொசுறா ஒண்ணு. மூணாவதுல உள்ள அந்துபோச்சு. விடியிறதுக்குள்ள முடிஞ்சுட்டாரு."

"இதே கட்டிலா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்பானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலையில் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே, சிங்கம்புணரியில் பஸ் நின்ற பத்து நிமிடத்தில் அந்தக் கடையைத் தேடிப்போனேன். பூட்டியிருந்தது. எதிரில் பாய்க்கடை அல்லாபிச்சை உட்கார்ந்திருந்தார்.

"பொன்னுத்தாயியா? அது இறந்து ரெண்டு மாசமாச்சே, கண்டக்டரு. மே ஏழாந்தேதி. வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கரண்ட் போச்சு பாருங்க, அந்நேரம்."

எதிர்க்கடைப் பூட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"புருசன் போனதுலருந்து அது எடைக்கல்லையே தொட்டதில்ல. அவுக தம்பிதான் நிறுப்பாரு. அன்னைக்கு இருட்டுல அதுவா எந்திரிச்சுச்சு. மூலையில கெடந்த அந்தப் பழைய அஞ்சு பலம் எடைக்கல்லுகளை எடுத்துத் தராசுல வச்சுச்சு. 'லாபம்… ரெண்டு…'ன்னு எண்ணுனது எனக்கு இங்குட்டு வரைக்கும் கேட்டுச்சு."

"மூணாவது?"

"வைக்கல. 'கொசுறு'ன்னு சொல்லிக் கையில எடுத்துச்சு. அப்பிடியே ரொம்ப நேரம் நின்னுச்சு. கரண்ட் வந்தப்ப பாத்தா, சாக்கு மேல சாஞ்சு கெடக்கு. உசுரு இல்ல."

டிரைவர் ஆரன் அடித்தார். பாய் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த விரலை விரிக்கவே முடியல கண்டக்டரு. நாலு பேரு இழுத்துப் பாத்தாக. கடைசில, அந்தக் கல்லோடயே கொண்டுபோய் எரிச்சாக."