மயிலில்லாத பீலி

எங்கள் பீலியின் தண்ணீர் முதலில் காதில்தான் குளிரும். பாறை இடுக்கில் ஊறி, பிளந்த மூங்கிலில் ஓடிவந்து குடத்தின் வாயில் விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே, உடம்பில் ஒரு சொட்டுப் படுவதற்கு முன்பே, பிள்ளைகள் நாங்கள் தோளைச் சுருக்கிக்கொண்டு நடுங்கத் தொடங்கிவிடுவோம். தேயிலைத் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இந்தச் சொல்லை இங்கேயே விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் என் வயிற்றெரிச்சல் முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மலையில் வழியும் ஊற்று நீரை மூங்கில் வைத்தோ குழாய் வைத்தோ ஓரிடத்தில் விழச் செய்தால் அதற்கு எங்கள் தோட்டங்களில் "பீலி" என்று பெயர். குடிப்பதும் குளிப்பதும் அரிசி கழுவுவதும் துணி துவைப்பதும் அதில்தான். அப்புத்தளைக்கு மேலே, வெலிமடைப் பக்கம் சரிகிற மலையில் இருந்த எங்கள் லயத்துக்கு, தொழிலாளர்கள் குடியிருந்த அந்த வரிசை வீடுகளுக்கு, வேறு தண்ணீர் கிடையாது.

அந்தப் பீலிக்கு எங்களைத் தவிர இன்னோர் உரிமையாளரும் உண்டு, ஒரு கறுப்புக் குருவி. பொழுது சாய்ந்து மலையில் மூட்டம் இறங்கும் நேரத்தில், மேலே காட்டோரத்துப் பாறையிலிருந்து மெல்லிய கம்பியை இழுத்தது போல ஒரு நீண்ட கீச்சொலி வரும். துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் தலையை நிமிர்த்தாமலே "கத்திருச்சி, கெளம்புங்கடி" என்பார்கள். அதற்கு மேல் அங்கே நின்றால் அட்டை ஏறும், பாதை தெரியாது. நாங்கள் குடமும் வாளியுமாகப் படியேறித் திரும்பிப் பார்த்தால், அது இறங்கி வந்து, நாங்கள் அரிசி கழுவி ஊற்றிய ஈரத்தில், இலையைப் புரட்டிப் புரட்டி நத்தையும் புழுவும் பொறுக்கிக்கொண்டிருக்கும். காலையில் நாங்கள் போகும்போது அது எழும்பிப் போய்விடும். முறை வைத்துத் தண்ணீர் எடுப்பவர்கள்போலத்தான் அதுவும் நாங்களும் இருந்தோம்.

அதை அடையாளம் காண்பது பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. தோட்டத்தில் கறுப்புப் பறவைகளுக்கா பஞ்சம்? வால் கத்தரிக்கோல்போலப் பிரிந்திருந்தால் அது கரிச்சான். கண்ணோரம் மஞ்சள் தெரிந்தால் மைனா. இறக்கை செங்கல் நிறத்தில் இருந்து, கண் சிவந்திருந்தால் செண்பகம். இவையெல்லாம் இல்லையென்று ஆனபிறகு மிஞ்சுகிற கறுப்பன்தான் நம்முடையவன். அவனுக்கும் தலை நீலமா கறுப்பா என்பதில் எங்களுக்குள் அடிதடி வரைக்கும் போனது உண்டு. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து, தலையும் நனைந்திருந்தால், ஒரு நொடி கருநீலமாக மின்னும். தலையைத் திருப்பினால் மறுபடி கறுப்பு. என் அம்மாதான் ஒருநாள் புடவையைப் பிழிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "நனைஞ்சா நீலம், காஞ்சா கறுப்பு. இதுக்குப் போயி என்னங்கடி சண்டை?" பெயரில் மட்டும் சண்டையே இல்லை. பீலிக்கு வருகிற குருவி, பீலிக் குருவி. அதை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில் தோட்டத் துரையின் பழைய பங்களாவை யாரோ குத்தகைக்கு எடுத்து விருந்தினர் விடுதியாக்கினார்கள். கொஞ்ச நாளில் கழுத்தில் தொலைநோக்கி மாட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பீலிக் குருவி இந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவையாம். மிகவும் அரிதாம். கேட்டபோது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் அந்த ஆட்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பாறையைக் காட்டினோம், அவர்கள் இனிப்புத் தந்தார்கள், தின்றோம்.

பிறகுதான் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. பெண்கள் அடித்துத் துவைக்கிற சத்தத்திலும் சவர்க்கார நுரையிலும் பறவை மிரள்கிறது, பீலியை மூடி வேலி போட வேண்டும் என்றார்கள் அந்தப் பறவைக்காரர்கள். விடுதிக்காரர்களும் தோட்ட நிர்வாகத்தினரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்கள் சத்தம் போட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்களாத் தோட்டத்தில் நாற்காலி போட்டு எல்லோரையும் கூப்பிட்டார்கள். எங்களுக்கு நாற்காலி இல்லை, புல் இருந்தது. நடுவில் தொப்பி போட்ட ஒரு பெரியவர். பறவைக்காரர்களுக்கு அவர்தான் தலைவர், அவர் சொன்னால் சொன்னதுதான். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். எங்களுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அழைத்து வந்திருந்தார்கள், நன்றாகப் படித்த தமிழ் இளைஞர், மலைநாட்டுக்குப் புதியவர்.

யார் பேசுவது என்றபோது எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். பாக்கியம் என்றால் வேலை வாங்கும் கங்காணியே ஒதுங்கிப் போவார், அப்படி ஒரு வாய். அம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு சிங்களத்தில் தொடங்கினாள். கொழுந்து பறிக்கும் மலையிலும் சந்தையிலும் பழகிய உடைந்த சிங்களம், ஆனாலும் புரியும். அந்த இளைஞர் கையை உயர்த்தி நிறுத்தினார். மிகுந்த அன்போடு, "அம்மா, உங்கள் தாய்மொழியிலேயே பேசுங்கள். அது உங்கள் உரிமை" என்றார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அம்மா தமிழில் பேசினாள். "ஐயா, அந்தக் குருவிக்குப் பேரே பீலிக்குருவிங்க. நாங்க வெரட்டி வுட்டிருந்தா அதுக்கு அந்தப் பேரு எப்படிங்க வரும்? அது கத்துனா நாங்க போயிருவோம், நாங்க போனா அது வரும். எங்க அம்மா காலத்துலயிருந்து அப்படித்தாங்க. எங்கள வேலி போட்டுத் தடுத்தா நாங்க தண்ணிக்கு எங்கங்க போறது?"

இதைவிட நேரான வாதத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. பீலியில் மனிதர் இல்லாமல் பீலிக் குருவி என்ற பெயர் இல்லை. பெயர் இருப்பதே நாங்களும் அதுவும் சேர்ந்து இருந்ததற்குச் சாட்சி. இளைஞர் தொப்பிக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் ஒரு சொல் மட்டும் தெரிந்தது: "பீகொக்". எங்கள் வகுப்புச் சுவரில் ஆங்கில எழுத்துப் படம் தொங்கியது, அதில் தோகை விரித்து நின்றது அது. மயிலைப் பற்றி இவர் ஏன் பேசுகிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து, தான் சொன்னது பிடித்துவிட்டது என்று நம்பி, என் அம்மாவும் சிரித்தாள்.

ஏச்சு வாங்கியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவர்களோடு சேர்ந்து அவளையும் அவளைப் பார்த்தே சிரிக்க வைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொப்பிக்காரர் பறவைப் படப் புத்தகத்தைத் திறந்து அம்மாவிடம் நீட்டினார். எது உங்கள் பறவை, காட்டுங்கள். பக்கம் முழுக்க உச்சி வெயிலில் நிறுத்தி வரைந்த பறவைகள். எங்களுடையதை வரைந்தவர், எல்லோருக்கும் தெரியட்டும் என்று, தலையோடு உடம்புக்கும் நீலத்தை வாரி அப்பியிருந்தார். அம்மா விரலைக் கொண்டுபோனாள், எடுத்தாள், மறுபடி கொண்டுபோனாள். "இதுல எதுவும் நம்ம குருவி மாதிரி இல்லீங்களே. இது ஒடம்பெல்லாம் நீலமா இருக்கு. நம்மளுது கறுப்புங்க, தலை நனைஞ்சாத்தான் நீலம்" என்றாள். இளைஞர் அதையும் மொழிபெயர்த்தார். தொப்பிக்காரர் புத்தகத்தை மெதுவாக மூடினார். மயிலிறகு முளைத்த குருவி என்கிறாள், படத்தைக் காட்டினால் தெரியவில்லை என்கிறாள். பறவையையே அறியாதவள் பேச்சை எதற்குக் கணக்கில் எடுப்பது? அவர் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வேலி போடுவது என்று முடிவாயிற்று, லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் தருவது என்று வாக்கும் தந்தார்கள்.

எல்லோரும் எழுந்து வாகனத்துக்குப் போகும்போது, அந்த இளைஞர் அம்மாவிடம் வந்து, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "ஏன் அம்மா, அந்தப் பறவைக்கு மயிற்பீலி எங்கே இருக்கிறது? வாலிலா?"

"மயிலா? எந்த மயிலுங்க?" என்றாள் அம்மா. அடுத்த நொடி அவள் முகம் மாறியது. "ஐயோ, பீலிங்கய்யா! தண்ணிப் பீலி! நாங்க குளிக்கிற பீலி!"

படித்த தமிழில் பீலி என்றால் மயிலின் இறகு. நீலத் தலைப் பறவை, மயில் நீலம், ஆகவே மயிற்பீலி என்று அந்த இளைஞரின் மனம் கணக்குப் போட்டிருந்தது. நன்றாகப் படித்ததன் பலன்! கொடுமை என்னவென்றால் சிங்களத்திலும் தண்ணீர்ப் பீலிக்குப் "பீல்ல" என்றுதான் பெயர். அம்மாவை அவளுடைய உடைந்த சிங்களத்திலேயே பேச விட்டிருந்தால், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்காவது முதல் சொல்லிலேயே புரிந்திருக்கும். அம்மா வாகனத்துப் பக்கம் ஓடி, தொப்பிக்காரரை ஐயா என்று சிங்களத்தில் அழைத்து, "பீல்ல, மாத்தயா, பீல்ல!" என்று கத்தினாள். தொப்பிக்காரர் கண்ணாடிக்குள்ளிருந்து கையை அசைத்தார், போய்வருகிறேன் என்பதுபோல. இளைஞர் "நான் சொல்லிவிடுகிறேன், அம்மா" என்று ஏறிக்கொண்டார். சொன்னாரோ இல்லையோ, அந்த மாதமே வேலி வந்துவிட்டது.

தருவதாகச் சொன்ன குழாயும் வந்தது. மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே கட்டிய தொட்டியிலிருந்து தண்ணீர் நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். உருளைக்கிழங்குக்கு மருந்து அடித்த வாரத்தில் அந்த வாசனையோடேயே வரும். லயத்துப் பிள்ளைகளுக்குச் சிரங்கு பிடித்தது. என் தம்பிக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் அழுவான். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் அடுத்த மலையின் ஓடைக்கு இறங்கி ஏற வேண்டும். கொழுந்துக் கூடை இறக்கிய அதே முதுகோடு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். வேலிக்கு உள்ளே எங்கள் பீலி யாருக்கும் இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். பறவைக்காக நாங்கள் தாகத்தோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் யாரும் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

இப்போது நான் பதுளையில் தமிழ் ஆசிரியை. அம்மா என்னோடு இருக்கிறாள், முழங்கால் மடங்காது. போன திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, விடுதியின் புதிய நிர்வாகி, மரியாதை தெரிந்த சிங்கள இளைஞர், தமிழ் டீச்சர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். ஒரு பலகையில் தமிழ் சரியா என்று பார்த்துத் தர முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். அம்மாவும் கிளம்பினாள். அத்தனை வருடங்களுக்குப் பிறகு, வேலிக் கதவை எங்களுக்காகத் திறந்தார்கள்.

உள்ளே பீலி இல்லை. ஊற்றை வளைத்து விடுதியின் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூங்கில் இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு, பாறை காய்ந்து கிடந்தது. ஈரம் இல்லாத இடத்தில் நத்தை ஏது, புழு ஏது, அதைத் தின்ன வருகிற குருவிதான் ஏது? பலகையில் மட்டும் அது இருந்தது, அதே புத்தகத்து நீலத்தில். கீழே மூன்று மொழிகளில் பெயர். தமிழில் இப்படி எழுதியிருந்தார்கள்: "இலங்கை விசிலடிக்கும் வாய்ப்புண்".

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஆங்கிலத்தைப் படித்தேன். அதில் பறவையின் பெயர் "த்ரஷ்" என்று முடிகிறது. குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் பூக்கும் புண்ணுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். கைபேசியில் போட்டு மொழிபெயர்த்து எடுத்திருப்பார்கள். நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, பாறையிலிருந்து அந்தக் கீச்சொலி வந்தது. அம்மா பழக்கத்தில் "கத்திருச்சி, கெளம்பு" என்றாள். மறுபடியும் வந்தது. மறுபடியும், இம்மியும் மாறாமல். அம்மா பாறையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்மளுது இல்ல" என்றாள். பாறை இடுக்கில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். விருந்தினர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் போடுவார்களாம்.

பலகையில் என்ன எழுத வேண்டும் என்று நிர்வாகி கேட்டார். "பீலிக் குருவி" என்றேன். எங்கள் மொழி தெரியாத அந்தப் பையனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "பீல்ல?" என்றார். சுற்றிலும் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார், காய்ந்த பாறையைப் பார்த்தார். பிறகு, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற பணிவோடு, "ஆனால் டீச்சர், இங்கே பீலி எதுவும் இல்லையே? வருபவர்கள் கேட்டால் என்ன சொல்வது?" என்றார்.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட நாக்குத் துடித்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். பலகையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஒண்ணையும் திருத்தாத புள்ள. புண்ணுன்னே இருக்கட்டும். சரியாத்தான் எழுதி வச்சிருக்கானுக."