ஜி ஷார்ப் என்று சொன்னவள்

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த மூன்றாம் நாள், அடுப்படியில் ஒரு டம்ளர் கைநழுவி விழுந்தபோதுதான் அந்தப் பேர் முதன்முதலில் காதில் விழுந்தது. கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த நாத்தனாரின் மூத்த மகள், ஏழு வயசு, திரும்பிக்கூடப் பார்க்காமல் "தாத்தா டம்ளர்" என்றாள். எடுத்துப் பார்த்தால் அதேதான். "அதுக்குப் பாம்புக்காதும்மா. இந்த வீட்டுல ரகசியம் பேசணும்னா தெருவுக்குப் போயிடு" என்று சிரித்தார் மாமனார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேர் சர்டிபிகேட்டோடு சரி. வீட்டில் கடைசிவரை அவள் பாம்புக்காதுதான்.

அவளுடைய தம்பி ஒரு வாயாடி. இருமிவிட்டு, "அக்கா, இது எந்தக் கட்டை?" என்பான். "சளிக் கட்டை, போய் மருந்து குடி" என்பாள்.

அந்தக் காதை வைத்தே பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போனாள். பாட்டுச் சொல்லித் தருகிற வேலை இல்லை. பாட்டுக்குள் இருக்கிற கணக்கைச் சொல்லித் தருகிற வேலை. பியானோவில் யாராவது ஒரு கட்டையை அழுத்தினால், முதுகைக் காட்டி நின்றபடியே அதன் பேரைச் சொல்லுவாள். முப்பது வருஷமாக மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். கல்யாணம் கூடி வரவில்லை. அதற்காக அவள் முகம் வாடியதும் இல்லை.

ஐம்பத்தாறு வயதில் கணினிப் பாடம் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஒரு ஸ்வரம் ஒலிக்கும். அது எந்தக் கட்டை என்று மாணவர் தட்ட வேண்டும். சரியா தப்பா என்று அவள் குரலே சொல்லும். அதற்காக நானூறு ஒலிகளைப் பதிவு செய்தார்கள். லேப் ஊழியர் தனக்குத் தோன்றிய கட்டையை அழுத்துவார், அவள் முதுகைக் காட்டி நின்று பேரைச் சொல்லுவாள், அதுவே விடை. "எந்தக் கட்டைன்னு நான் ஒரு தாள்ல குறிச்சுக்கட்டுமா மேடம்?" என்று அவர் கேட்டார். "என் காதை விடவா உங்க தாள் பெருசு?" என்றாள். அவரும் சிரித்துவிட்டுப் பேனாவைப் பையில் சொருகிக்கொண்டார்.

அதன்பின் வகுப்பில் பியானோவைத் திறப்பாரில்லை. வருஷக் கடைசியில் பரீட்சையையும் கணினியே வைத்தது. நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் தேறினார்கள். தோற்றவள் ஒரு பஸ் டிரைவரின் மகள். வகுப்பிலேயே அவளிடம்தான் வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. கட்டணச் சலுகையில் படிக்கிற பெண். ஒரு பாடம் போனால் சலுகை போகும், சலுகை போனால் படிப்பு போகும்.

புதன்கிழமை வந்து நின்றாள். "மேடம், மெஷின் தப்பாச் சொல்லுது."

"அது மெஷின் சொன்னதில்லம்மா. நான் சொன்னது."

"அப்போ நீங்க கேட்டுப் பாருங்க மேடம், ஒரே ஒரு தடவை."

பியானோவைத் திறந்தார்கள். பாம்புக்காது முதுகைக் காட்டி நின்றாள். அந்தப் பெண் அழுத்தினாள்.

"ஜி ஷார்ப்."

திரும்பினாள். அந்தப் பெண்ணின் விரல் ஜி ஷார்ப்புக்கான கறுப்புக் கட்டையில் இல்லை. பக்கத்து வெள்ளைக் கட்டையில், ஜி-யில், அப்படியே இருந்தது. இன்னொன்று அழுத்தச் சொன்னாள். அதுவும் ஒரு கட்டை தள்ளியே கேட்டது. நானூறும் அப்படித்தான். மெஷினை மட்டுமே கேட்டுப் பழகிய முப்பத்தொன்பது பேர் தப்பைப் பிசகாமல் கற்றுக்கொண்டிருந்தார்கள். சரியாகக் கேட்ட ஒருத்திதான் தோற்றாள்.

"வெள்ளிக்கிழமை ரிசல்ட் மேல போயிடும் மேடம். ஒரு வரி எழுதிக் குடுங்க."

"நாளைக்கு வா" என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்கே போகவில்லை. காது டாக்டரிடம் போனாள். "வயசானா சிலருக்கு இப்படி ஆகும்மா. பிறவியிலேயே ஸ்வரத்துக்குப் பேர் தெரிஞ்ச காதுக்குத்தான் இது வரும். திரும்பாது" என்றார் அவர். வெள்ளிக்கிழமையும் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். எழுதினால் முப்பது வருஷப் பேர் போகும், எழுதாவிட்டால் ஒரு பெண்ணின் படிப்பு போகும். தாள் மேஜைமேல் விரித்தபடி கிடந்தது. திங்கட்கிழமைதான் எழுதக் கை வந்தது.

துறைத் தலைவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ரிசல்ட் போயாச்சு மேடம். ஒருத்திக்காக முப்பத்தொன்பது பேரைக் கலைக்கவா? உங்க பேரும் சேர்ந்துல்ல நாறும்?" என்று சொல்லி டிராயரில் போட்டு மூடினார். அந்தப் பெண் வீட்டுக்கு அவளே நடந்து போனாள். கதவைத் திறந்த டிரைவர் உட்காரச் சொல்லவில்லை. "துணிக்கடை பில் கவுன்ட்டர்ல சேர்ந்துட்டா. பியானோவையும் வித்தாச்சு. நாளைக்கு வான்னீங்களாமே, வந்து பாத்தா நீங்க இல்லையாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். தம்பி வந்து பெட்டிகளைக் கட்டி அழைத்துப் போனான். வழியில் பழைய நினைப்பில் இருமி, "அக்கா, இது எந்தக் கட்டை?" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

பல்கலைக்கழகத்தில் அந்தக் கணினிப் பாடம் இன்னும் அவள் குரலில்தான் ஓடுகிறது. பாம்புக்காது தம்பி வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். அறையில் ரேடியோ கிடையாது. வேளைக்குக் கீழே இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டு மேலே போய்விடுவாள்.