என் கடை முகவரிக்கு வந்த புத்தகம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் நடந்தால், இரண்டு மருந்துக்கடைகளைத் தாண்டி என் புத்தகக்கடை. பதினாலு வருஷமாக நடத்துகிறேன். அதற்கு முன்பு ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, கடை வைத்தால் பேசாமல் உட்கார்ந்து படிக்கலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு, விவசாயிகள் நெல் மூட்டை கொண்டுவந்து விற்கிற கமிட்டியில் எடை போடும் வேலை. "உனக்குப் புடிச்சா செய்" என்றார். அவ்வளவுதான், கடை திறந்துவிட்டோம்.

முதல் சில வருஷங்கள் உட்காரவே நேரமில்லை. ஜூன் மாதம் கைடு வாங்க வருகிற கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும். அரசுத் தேர்வு எழுதுகிறவர்கள் வருஷம் முழுக்க வருவார்கள். கதை, நாவல், வரலாறு என்று தேடி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். உண்மையில் அவர்களை நினைத்துத்தான் கடை வைத்தேன்.

கூட்டம் ஒரே நாளில் குறையவில்லை. முதலில் கைடு போனது. பள்ளிக்கூடங்களே ஃபீஸோடு சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. அடுத்து தேர்வுப் புத்தகம். ஒருத்தர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து போன் குரூப்பில் போட்டால், நாற்பது பேருக்குப் புத்தகம் தேவையில்லை. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. வருத்தமும் பெரிதாக இல்லை. கதை படிக்கிறவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் ஒரு நர்ஸ். அவலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. சாயங்காலம் டூட்டி முடிந்து பஸ் வருவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கும். அதை என் கடையில்தான் கழிப்பாள். நின்றுகொண்டே படிப்பாள் என்பதால் ஃபேனுக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். மாதம் ஒரு புத்தகமாவது வாங்குவாள். படித்து முடித்ததும் வந்து, யார் செத்தது சரியில்லை, யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்றெல்லாம் என்னோடு சண்டை போடுவாள்.

ஒரு கட்டத்தில் அவள் வாங்குவது நின்றுபோனது. வருவது நிற்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இருபது பக்கம் படிப்பாள், போனில் அட்டையைப் படம் எடுத்துக்கொள்வாள், எழுந்து போய்விடுவாள். "வீட்டுல காட்டலாம்னுக்கா" என்றாள் ஒருநாள். நானும் நம்பினேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, கொரியர்காரர் வந்து ஒரு பார்சலை மேஜையில் வைத்தார். "அக்கா, கையெழுத்து போடுங்க."

"நான் ஒண்ணும் வரச் சொல்லலியே?"

"உங்க கடை அட்ரஸ்தான் போட்டிருக்குது, பாருங்க."

பார்த்தேன். மேலே அந்த நர்ஸின் பெயர். அதன் கீழே என் கடைப் பெயர், ரோடு, பின்கோடு எல்லாம் சரியாக இருந்தது. பார்சலின் ஒரு மூலை கிழிந்து உள்ளே மஞ்சள் அட்டை தெரிந்தது. அதே மஞ்சள் அட்டை என் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. முந்தின வாரம்தான் அதை எடுத்து ஸ்டூலில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போயிருந்தாள்.

கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். ஆனால் முகமெல்லாம் சூடாகிவிட்டது. என் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு, வேறெங்கேயோ வாங்கி, அதை நானே வாங்கி வைக்க வேண்டுமா? மதியம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரரிடம் பார்சலைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்க, எனக்குப் பத்திக்கினு வருது."

"சிரிக்காம இன்னா பண்றது? போட்டிக் கடைக்காரன் சரக்க உன் கடையிலியே எறக்கி வெச்சிட்டுப் போயிருக்கான்." பிறகு கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கோவமா எதுவும் பேசிடாத. வர்ற ஒரு ஆளும் வராம பூடும்."

சாயங்காலம் வரைக்கும் என்ன கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவள் வந்தாள். மேஜைமேல் பார்சலைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது.

"இன்னிக்கே வந்துடுச்சா? நாளைக்குத்தான் வரும்னு போட்டிருந்தான். நான் காலையிலியே வந்து உங்ககிட்ட சொல்லிடணும்னு இருந்தேன்கா."

"எங்கிட்டயே வந்து எறங்குது" என்றேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"எங்க ஊருக்கு கொரியர் வர்றதில்லக்கா. அவலூர்பேட்டை வரைக்கும் வந்துட்டு போன் பண்றான். நான் டூட்டில இருக்கேன், எடுக்க முடியல. ரெண்டு தடவை திரும்பிப் போயிடுச்சு. செஞ்சியில எனக்கு உரிமையா குடுக்கிற மாதிரி தெரிஞ்ச அட்ரஸ் இது ஒண்ணுதான்."

"இதே புக்கு இங்க இருக்குதே."

"தெரியும்கா. இங்க பாத்துட்டுதான் ஆர்டர் போட்டேன்." பொய் சொல்லவில்லை. "போன்ல வாங்கினா கால்வாசி விலை கம்மி."

பதிப்பகம் எனக்குக் கொடுக்கிற கழிவே ஏறக்குறைய அவ்வளவுதான், அதை அப்படியே கொடுத்தால் வாடகைக்கும் கரண்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"ஒண்ணு சொல்லட்டா? கோச்சிக்கக் கூடாது" என்றாள் பிறகு. "நான் விலைக்காகப் போன்ல வாங்க ஆரம்பிக்கல. ஒரு புக்கு கேட்டனே, ஞாபகம் இருக்குதா? மூணு தடவை கேட்டேன். வரும் வரும்னீங்க. வரவேயில்ல. அப்புறந்தான் போன்ல தேடிப் பாத்தேன். மூணாம் நாள் அவலூர்பேட்டைக்கு வந்துடுச்சு. அப்பிடியே பழகிடுச்சுக்கா."

ஞாபகம் இருந்தது. ஒரு பிரதி மட்டும் அனுப்ப மாட்டோம், பத்துப் பிரதியாவது எடுங்கள் என்று பதிப்பகத்தில் அப்போது சொல்லிவிட்டார்கள். அதை அவளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வரும் வரும் என்று ஓட்டியிருக்கிறேன். வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அவள் பார்சலை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்று திரும்பி, "நாளைக்கு வரேன்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் போய்விட்டது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அலமாரிகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். யாரும் கேட்காத கைடுகள் மூன்று அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தன. கேட்டவர்களுக்குக் கேட்டது இல்லை. போனையும் தள்ளுபடியையும் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இதை நான் கவனித்திருக்கலாம்.

கைடு விற்பதை நிறுத்தினேன். கடையில் பாதியைப் பலகை வைத்துத் தடுத்து, ஜாக்கெட் தைக்கிற ஒரு பெண்ணுக்கு விட்டேன். வாடகை பாதியானது, பேச்சுத்துணையும் கிடைத்தது. மீதிப் பாதியில் கதைப் புத்தகங்கள் மட்டும். யார் எதைக் கேட்டாலும் குறித்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே ஒரு பெரிய கடைக்காரர் ஒற்றைப் பிரதியாக இருந்தாலும் எனக்குக் கழிவு போட்டுக் கொடுக்கிறார். கிடைக்காததை, "இது எங்கிட்ட வராது, போன்லியே வாங்கிக்கோ" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்வது இவ்வளவு சுலபம் என்று முன்னாலேயே தெரியாமல் போயிற்று. புதுச்சேரி போய்வருகிற அந்த நாள் எனக்கு லீவு மாதிரி. ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று படித்துவிடுகிறேன்.

நர்ஸ் இப்போது பாதி என்னிடம் வாங்குகிறாள், பாதி போனில். போனில் வாங்குவதும் என் கடைக்குத்தான் வருகிறது. அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் எனக்கே இரவல் கொடுத்தாள். விற்பதற்கு வைத்திருந்தேனே தவிர நான் அதைப் படித்ததில்லை. படித்துவிட்டு நாலு பேரிடம் சொன்னேன். அலமாரியில் இருந்த பிரதி அந்த வாரமே போய்விட்டது.

அவளோடு வேலை செய்கிறவர்களும், "நாங்களும் உங்க அட்ரஸ் குடுக்கட்டாக்கா?" என்று கேட்டார்கள். சரி என்றேன். புடவை, குக்கர் மூடி, செருப்பு என்று தினம் ஏதாவது வருகிறது. "இது புக்கு கடையா, கொரியர் ஆபீஸா?" என்கிறார் என் வீட்டுக்காரர். பார்சல் வாங்கிப் போக வருகிறவர்களில் பெரும்பாலோர் அலமாரிப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. சிலர் திரும்புகிறார்கள். வியாபாரம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று சொன்னால் பொய். எத்தனை வருஷம் நடக்கும் என்றும் தெரியாது. ஆனால் கடை வைக்கும்போது ஆசைப்பட்டபடி, இப்போதுதான் உட்கார்ந்து படிக்கிறேன்.

போன மாதம் ஒரு நெல் வியாபாரி, முழங்கால் பட்டை பார்சல் வாங்க வந்தார். கமிட்டியில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் என்பதால் அவரும் எங்கள் அட்ரஸ் கொடுத்திருந்தார். மழை பிடித்துக்கொண்டதால் போக முடியவில்லை.

"இன்னாம்மா படிக்கிறீங்க?"

"ஒரு கதை. அண்ணன் தம்பி ரெண்டு பேரு கெணத்துக்காக சண்ட போடறாங்க."

"குடுங்க, எங்க ஊட்டுக் கதையாட்டம் இருக்குது."

வாங்கிப் படித்தார். மழை விட்டதும் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து, விட்ட இடத்திலிருந்து படித்தார். நாள் தவறாமல் வந்து கடையிலேயே முடித்துவிட்டார். கடைசி நாள் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "இதுல டீக்கறை ஆயிடுச்சு. புதுசு ஒண்ணு குடுங்க. பொண்ண மண்டகப்பட்டுல குடுத்திருக்கேன், அது படிக்கும்" என்றார். விலை குறைத்துக் கேட்கவில்லை.

அன்றைக்கு வேறு எதுவும் விற்கவில்லை. ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். பக்கத்துப் பாதியில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பஜ்ஜி சாப்பிடப் போனோம்.