வலியைக் காட்டியவர்

காலையில் என் விரல்கள் மடங்காது. நான் வேலை பார்க்கும் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் விரித்துக் காட்டிய புடவைகளை மடிக்கத் திணறுவேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், "நல்லா டிமிக்கி குடுக்கிறாருப்பா" என்று கடையில் சிரித்தார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் விரல் மூட்டுக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அந்த ஸ்கேன் டாக்டர் நரைத்த மீசைக்காரர். ஜெல் பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிச் சூடாக்கிய பிறகே என் கையில் தடவினார். என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டே கருவியைப் பட்டும் படாமலும் வைத்தார்.

"அழுத்தினா ரத்த ஓட்டம் தெரியாம போயிடும்" என்றார். திரையில் மூட்டைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் மின்னின. "உள்ள அழற்சி இருக்குது. கூட வந்தவங்களக் கூப்பிடுங்க, அவங்களும் பாக்கட்டும்."

"யாரும் வரல சார்."

அவர் திரையை அணைக்கவில்லை. வாசலில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணை அழைத்தார்.

"இங்க வந்து பாரும்மா. இந்தக் கைய வெச்சிக்கினு இவரு தெனமும் புடவ மடிச்சிக்கினு இருந்திருக்காரு."

அவள் குனிந்து பார்த்தாள். "அய்யோ, ரொம்ப வலிச்சிருக்குமே சார்!"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது மாத்திரையில் வலி குறைந்திருக்கிறது. தனியாக வருகிற எல்லோருக்கும் அவர் அப்படி ஒருவரை அழைப்பாரா என்றுதான் தெரியவில்லை.